ஒரு சோடாவும் 360 நிமிடங்களும்

மாரடைப்பு வந்தவர்கள், வலி தொடங்கிய நேரத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குள் கால் வைக்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார்கள்? இந்தியாவின் 50 நகரங்களில் 89 மருத்துவமனைகளைச் சேர்ந்த 20,937 நோயாளிகளைக் கொண்ட ஒரு பதிவேட்டின் முடிவுகள் 2008-இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தன. வரிசையின் நடுவில் நிற்கும் நோயாளிக்கு ஆன நேரம் 360 நிமிடம். உள்ளே வந்தபின் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி ஏற ஆன நேரம் 50 நிமிடம்.

டாக்டர் வரவில்லை, நர்ஸ் கவனிக்கவில்லை, சீட்டு எழுத லேட் என்று நாம் சண்டை போடுவதெல்லாம் அந்த 50 நிமிடத்துக்காகத்தான். அதைப்போல ஏழு மடங்கு நேரம் அதற்கு முன்பே கட்டிலிலும் திண்ணையிலும் போனிலும் ரோட்டிலும் போய்விட்டது. நடுவில் நிற்பவருக்கே 360 என்றால் பாதிப் பேர் அதற்கும் பிந்தியவர்கள். கடைசிக் கால்வாசிப் பேர் 1,317 நிமிடம் கழிந்த பிறகுதான் வந்தார்கள். இரவு 10 மணிக்கு வலி வந்ததாக வைத்தால், நடு ஆள் விடியற்காலை 4 மணிக்கு வருகிறார். கால்வாசிப் பேர் மறுநாள் இரவு 8 மணியும் ஆன பிறகு.

இந்த 360-ஐ ஒரு வீட்டுக்குள் இறக்கிப் பார்ப்போம். கும்பகோணம் பக்கம் ஒரு கிராமம். அப்பாவுக்கு 68 வயது. மகன் சென்னையில், மகள் நாலு ஊர் தள்ளி வாழ்க்கைப்பட்டவள். அப்பாவுக்கு நெஞ்சைப் பிசைகிறது, பனியன் நனைய வியர்க்கிறது. கற்பனைக் குடும்பம்தான். ஆனால் இந்தக் கணக்கைப் படித்ததும் தங்கள் வீட்டு இரவு ஒன்று நினைவுக்கு வராதவர்கள் குறைவாகவே இருப்பார்கள்.

10.00 – “ஒண்ணுமில்ல, வாயுதான். ஒரு சோடா வாங்கிட்டு வரச் சொல்லு.” 30 நிமிடம்.
10.30 – ஏப்பம் வந்தது. “பார்த்தியா, இறங்கிருச்சு.” ஓமத் தண்ணி, தைலம். 60 நிமிடம்.
11.30 – வலி திரும்புகிறது. அம்மா மகனுக்குப் போன் போடுகிறார். அப்பாவின் பதில்: “காலையில பார்த்துக்கலாம்டா.” 40 நிமிடம்.
12.10 – மகளுக்குப் போன். மருமகன் பைக்கில் கிளம்பி வந்து சேர்கிறார். 50 நிமிடம்.
1.00 – கூடத்தில் பேச்சு. எந்த ஆஸ்பத்திரி, யார் பணம், இந்த ராத்திரியில் எந்த டாக்டர் இருப்பார். 80 நிமிடம்.
2.20 – வாடகைக் காருக்கு அலைச்சல். 40 நிமிடம்.
3.00 – தஞ்சாவூர், 40 கிலோமீட்டர். 60 நிமிடம்.

கூட்டினால் 360. இதில் ரோடு எடுத்துக்கொண்டது 60. மீதி 300 நிமிடமும் அப்பா சொன்ன ‘வேண்டாம்’ என்ற ஒரு சொல்லைச் சுற்றியே நடந்தவை. (கும்பகோணத்திலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது என்பதும், 2008 செப்டம்பர் முதல் இந்த மாநிலத்தில் 108 வண்டி காசில்லாமல் ஓடுகிறது என்பதும் அந்த 80 நிமிடப் பேச்சில் ஒருவருக்கும் ஞாபகம் வராது. பெரிய நோய்க்குப் பெரிய ஊர், பெரிய பணம் என்பது நம் வீடுகளில் எழுதப்படாத விதி.)

இனி ஒவ்வொரு மணி நேரத்தின் விலை. 22 ஆய்வுகள், 50,246 நோயாளிகள் என்று திரட்டிச் செய்த ஒரு கணக்கீடு 1996-இல் வந்தது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை ஆயிரம் பேருக்குக் கொடுத்தால் கூடுதலாக எத்தனை உயிர் தப்பும் என்பதை அது மணிவாரியாகப் பிரித்தது. முதல் ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்தால் 65 உயிர். இரண்டாம் மணியில் 37. மூன்றாம் மணியில் 26. மூன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் 29. பன்னிரண்டு மணி நேரம் தாண்டினால் அந்த ஊசிக்குப் பொதுவாக இடமே இல்லை. நம் கணக்கில் அப்பாவின் வலி சோடாவோடும் தைலத்தோடும் ஒன்றரை மணி நேரம் கழித்தது. அதற்குள்ளேயே அவர் 65 என்ற வரியிலிருந்து 37 என்ற வரிக்கு இறங்கிவிட்டார். மகனோடு பேசி முடிப்பதற்குள் 37-உம் போயிற்று.

அந்த சோடாவோடு இன்னொன்றையும் ஒப்பிட வேண்டும். 1988-இல் முடிவு வெளியான ‘ஐசிஸ்-2’ என்ற ஆய்வில் 17,187 பேர். மாரடைப்பு சந்தேகம் வந்ததும் தொடங்கி ஒரு மாதம் தினமும் 162.5 மில்லிகிராம் ஆஸ்பிரின் மட்டும் கொடுத்ததில், ஐந்து வாரத்துக்குள் இதய, ரத்தநாளக் காரணங்களால் நேர்ந்த மரணம் 23 சதவீதம் குறைந்தது. கட்டியைக் கரைக்கும் ஊசி மட்டும் கொடுத்ததில் 25 சதவீதம். இரண்டும் சேர்ந்தபோது 42. அந்த மாத்திரை ஒன்றின் விலை ஒரு பாட்டில் சோடாவின் விலையைத் தொடாது. தமிழ்நாட்டில் 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டம் இந்தச் சிக்கனத்தின் மேல்தான் நிற்கிறது. நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ துணை சுகாதார நிலையத்துக்கோ வருபவருக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன்பே மொத்தம் 14 மாத்திரை கொடுக்கிறார்கள்: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அடோர்வாஸ்டாட்டின் 8. ஊரை விட்டுப் போகாமலேயே கிடைக்கக்கூடிய மருந்து அது. அந்த வாசல் வரைக்கும் அப்பா வர வேண்டும், அவ்வளவுதான்.

பெற்றோரை வைத்தியத்துக்குச் சம்மதிக்க வைப்பது பற்றி எழுதுபவர்கள் எல்லாரும் பொறுமையாகப் பேசுங்கள், அவர்கள் பயத்தைக் கேளுங்கள் என்று எழுதுகிறார்கள். பாதி உண்மை. பொறுமைக்கும் நேரம் செலவாகும். அந்தச் செலவுக்கு ஒரு உச்சவரம்பு உண்டு. அதை வைப்பது நோய், நாம் அல்ல. நெஞ்சுவலிக்கு அந்த வரம்பு பத்து நிமிடம். பக்கவாதத்துக்கு அதுகூட அதிகம்: கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம்தான் கெடு. சிகிச்சை இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் சராசரியாக 19 லட்சம் நரம்புச் செல்கள் சாகின்றன என்பது 2006-இல் வந்த மதிப்பீடு. மார்பில் ஒரு கட்டி என்றால் வரம்பு சில வாரம். காசநோய்க்கும் அதே சில வாரம், வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அதிலும் குறைவு. எவ்வளவு நேரம் கெஞ்சலாம் என்று முதலில் கணக்குப் போட்டுவிட்டுத்தான் எப்படிக் கெஞ்சுவது என்று யோசிக்க வேண்டும்.

நெஞ்சுவலி இரவில் செய்ய வேண்டியது அதனால் சுலபம், சொல்லத்தான் கடினம்: முதலில் வண்டி, அப்புறம் வாதம். 108-ஐக் கூப்பிட அப்பாவின் சம்மதம் தேவையில்லை, ஏறத்தான் தேவை. வண்டி வருகிற நேரமே பேசக் கிடைக்கும் நேரம். அந்த நேரத்தில் கேட்கிற கேள்வியும் சின்னதாக இருக்க வேண்டும். “ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாங்க” என்றால் அப்பாவின் மனதில் ஐ.சி.யூ., ஆபரேஷன், மூன்று லட்சம் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். “ஒரு ஈ.சி.ஜி. மட்டும் எடுத்துப் பார்த்துட்டு வந்துருவோம்ப்பா. வாயுன்னு சொன்னா திரும்பி வந்துடலாம்” என்றால் அது அஞ்சு நிமிட வேலை. இது ஏமாற்று இல்லை. வாசலுக்கு வந்த பத்து நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்பதுதான் மருத்துவ நெறிமுறையே. ஒன்றை மட்டும் மறைக்கக் கூடாது: முதல் ஈ.சி.ஜி. சரியாக இருப்பதாலேயே மாரடைப்பு இல்லை என்று ஆகிவிடாது. சில மணி நேரம் இருந்து மறுபடி எடுக்கச் சொல்வார்கள், ரத்தமும் எடுப்பார்கள். இதை வழியிலேயே சொல்லிவிட்டால் அங்கே போய், “எல்லாம் நார்மல்னு சொல்லிட்டாங்கல்ல, கிளம்பு” என்ற இரண்டாம் சண்டை வராது.

சொல்பவர் யார் என்பதற்கும் விலை வித்தியாசம் உண்டு. நம் வீடுகளில் மகனை “போடா, உனக்கு என்ன தெரியும்” என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். மருமகனை அப்படிச் சொல்ல முடியாது. “மாமா, எனக்காக ஒரு நடை வாங்க” என்று அவர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றால், மறுப்பது மரியாதைக் குறைவு. சென்னையிலிருந்து மகன் 40 நிமிடம் போனில் கத்தியதை, உள்ளூரில் இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்து ஊர் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு சேக்காளி சட்டையைத் தூக்கிக் காட்டாமலேயே நாலு வார்த்தையில் முடித்துவிடுவார். (மணிக்கட்டு வழியாக வைத்தால் காட்டத் தழும்புகூடச் சரியாக இருக்காது.) ஆகவே மகன் முதலில் கூப்பிட வேண்டியது அப்பாவை அல்ல, மருமகனை.

இனி ரூபாய். அப்பாவின் மறுப்பில் பெரும்பங்கு பணக் கணக்கு. அதை முட்டாள்தனம் என்று எடுத்துக்கொள்கிற பிள்ளைதான் அதிகம் தோற்கிறது. தேசிய மாதிரி ஆய்வின் 75-ஆம் சுற்று, 2017 ஜூலை முதல் 2018 ஜூன் வரையிலான கணக்கு: ஒருமுறை ஆஸ்பத்திரியில் சேர்ந்தால், பிரசவம் நீங்கலாக, குடும்பம் செலவழித்த சராசரி மருத்துவச் செலவு அரசு மருத்துவமனையில் ₹4,452, தனியாரில் ₹31,845. அன்று தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை மாதம் ₹1,000. அதில் வாழ்கிற ஒருவருக்கு அரசு ஆஸ்பத்திரி நாலரை மாதப் பணம். தனியார் ஆஸ்பத்திரி ஏறக்குறைய 32 மாதப் பணம். கிராமங்களில் ஆஸ்பத்திரிச் செலவைச் சந்திக்க 13 சதவீதம் பேர் கடன் வாங்கினார்கள் என்று அதே ஆய்வு சொன்னது. வயலை விற்று ஆபரேஷன் செய்த யாரோ ஒருவர் எல்லா ஊரிலும் இருக்கிறார். அப்பா அவரைத் தினம் டீக்கடையில் பார்க்கிறார்.

அந்த விலைப்பட்டியல் பொய்யில்லை, பழசு. அது எந்த ஆண்டோடு நின்றுபோனது என்று கேட்டுப் பார்த்தால் பல அப்பாக்களுக்கு விடை 2009-க்கு முன்னால் இருக்கும். அந்த ஆண்டு ஜூலை 23-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. ஒரு குடும்பத்துக்கு நான்கு ஆண்டுக்கு ₹1 லட்சம். 2012 ஜனவரியில் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடாக மாறியது. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தது. இன்று வரம்பு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ₹5 லட்சம். தகுதிக்கான ஆண்டு வருமானம் ₹72,000 என்று இருந்தது 2022-இல் ₹1,20,000 ஆனது. 70 வயது கடந்தவர்களுக்கு வருமானம் பார்க்காமல் ₹5 லட்சம் என்ற மத்திய அரசின் விரிவாக்கம் 2024 அக்டோபர் 29-இல் தொடங்கியது. ஸ்டென்ட் விலையும் மாறியது. மருந்து பூசிய ஸ்டென்ட் சராசரியாக ₹1.21 லட்சத்துக்கு விற்றுக்கொண்டிருந்ததை, 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை ஆணையம் ₹29,600 என்று கட்டிப்போட்டது. அதன்பின் கொஞ்சம் இறங்கி ஏறினாலும் பழைய விலையின் பாதியைக்கூட எட்டவில்லை.

இந்த வரிகளை நெஞ்சுவலி வந்த இரவில் வாசித்துக் காட்ட முடியாது. அப்பா நன்றாக இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் காப்பீட்டு அட்டையை எடுத்து, யார் யார் பேர் இருக்கிறது, ரேஷன் கார்டோடு பொருந்துகிறதா, எந்த ஆஸ்பத்திரி பட்டியலில் இருக்கிறது என்று பார்த்து, பீரோவில் எங்கே இருக்கிறது என்று அம்மாவுக்குக் காட்டி வைக்க வேண்டும். மேலே சொன்ன 80 நிமிடக் கூடத்துப் பேச்சை ஐந்து நிமிடமாக்கக்கூடிய ஒரே செலவு அந்த ஞாயிற்றுக்கிழமைதான். தனியார் காப்பீடு வாங்கலாம் என்று நினைப்பவர்கள் அதையும் அப்போதே நினைக்க வேண்டும். புதிதாகச் சேர்ப்பதை நிறுவனங்கள் 65 வயதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்ற பழைய வரம்பு 2024 ஏப்ரலில் போய்விட்டது. ஆனால் ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் 48 மாதத்திலிருந்து 36 ஆகக் குறைந்தாலும், 36 மாதம் என்பது மூன்று வருடம். அறிகுறி வந்தபின் எடுக்கிற பாலிசி அந்த அறிகுறிக்கு உதவாது.

அப்பா சொல்வது சரியாக இருக்கும் இடங்களும் உண்டு. காப்பீடு என்றால் எல்லாம் இலவசம் என்று பிள்ளை சொன்னால், அவர் நம்பாமல் இருப்பதே நியாயம். ஆயுஷ்மான் பாரத் விதிப்படி சேர்வதற்கு முந்தைய 3 நாளும் வீடு திரும்பிய பிறகு 15 நாளும் கணக்கில் வரும். அதற்கு வெளியே உள்ள ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, மாதக்கணக்கான மாத்திரை எல்லாம் வேறு கணக்கு. கூட இருப்பவர்களின் செலவு எந்தத் திட்டத்திலும் இல்லை. 2025-26-இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்குக் கூலி நாளொன்றுக்கு ₹336. இரண்டு பேர் மாறி மாறி அல்ல, இருவருமே பத்து நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்தால் போன கூலி ₹6,720. 2023 ஆகஸ்டிலிருந்து ₹1,200 ஆன முதியோர் உதவித்தொகையில் அது ஐந்தரை மாதத்துக்கும் மேல். சாப்பாடு, பஸ், போன் ரீசார்ஜ், வார்டில் ஸ்ட்ரெச்சர் தள்ளுபவருக்கு நீட்டுகிற நோட்டு எல்லாம் இதன் மேல்.

இந்தத் தொகையை மறைக்கிற பிள்ளையை விட, முதலிலேயே எடுத்துச் சொல்கிற பிள்ளை ஜெயிக்கும் என்பது என் கட்சி. “கூட இருக்குற செலவுக்குப் பதினஞ்சாயிரம் தனியா எடுத்து வச்சிருக்கேன்ப்பா. வட்டிக்கு வாங்கல. தங்கச்சி வீட்ல கேக்கல” என்று மூன்று வாக்கியம். மூன்றாவதுதான் முக்கியம். கட்டிக்கொடுத்த பெண்ணின் வீட்டிலிருந்து பணம் வாங்கி வைத்தியம் பார்ப்பதைவிடச் சும்மா கிடப்பது மேல் என்று நினைக்கிற அப்பாக்கள் இங்கே ஏராளம். அது பண பயம் மாதிரி தெரியும் மான பயம்.

அம்மாவின் கணக்கு வேறு அலகில் ஓடுகிறது. அவர் ரூபாயில் எண்ணுவதில்லை, நாளில் எண்ணுகிறார். யார் சமைப்பது, மாட்டுக்கு யார் தண்ணி காட்டுவது, பேத்தி பரீட்சை எப்போது முடிகிறது. ஐப்பசியில் குளிக்கும்போது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்படுகிறது. வலியில்லை. வலி இல்லாததாலேயே அது நோயில்லை என்று அவர் தீர்ப்பு எழுதிவிடுவார். பல நேரம் வலியில்லாத கட்டிதான் சந்தேகத்துக்கு உரியது என்பது அவருக்கு யாரும் சொல்லாத செய்தி. மகள் ஒருநாள் தற்செயலாகக் கண்டுபிடித்துக் கேட்டால், “எனக்கென்னடி, நல்லாத்தானே இருக்கேன். தை பிறக்கட்டும், அறுப்பு முடியட்டும்” என்பார். ஐப்பசியிலிருந்து தை 3 மாதம். தைக்குப் பிறகு, “சித்திரையில பெரியவன் வீட்டுக் கல்யாணம். அது முடிஞ்சு பார்த்துக்கலாம்” என்பார். அது இன்னும் 3 மாதம்.

இந்த மூன்று மாதத்துக்கு ஓர் எண் இருக்கிறது. 87 ஆய்வுகள், 1,01,954 நோயாளிகள் என்று திரட்டி 1999-இல் ‘லான்செட்’டில் வந்த கணக்கீடு, அறிகுறியிலிருந்து சிகிச்சை வரை 3 மாதமோ அதற்கு மேலோ தாமதித்த மார்பகப் புற்றுநோயாளிகளிடையே, ஐந்து ஆண்டு உயிரோடு இருப்போரின் விகிதம் மற்றவர்களைவிட 12 சதவீதம் குறைவு என்று கண்டது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022-க்கு மதிப்பிட்டபடி, இந்தியாவில் அந்த ஆண்டு புதிதாக மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் சுமார் 1.92 லட்சம் பேர். அதனால் இறந்தவர்கள் சுமார் 98 ஆயிரம். ஒரு பக்கம் வருகிறவர்கள், இன்னொரு பக்கம் போகிறவர்கள் என்று பார்த்தால், வருகிற இருவருக்கு ஒருவர் போகிறார். அமெரிக்கப் பதிவேடுகளில், கட்டி மார்பை விட்டு வெளியேறாத நிலையில் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் ஐந்து ஆண்டு தாண்டுபவர்கள் ஏறத்தாழ 99 சதவீதம். அக்குள் நெறிக்குப் போனபின் 87. தூரத்து உறுப்புக்குப் போனபின் 32 அளவில். நம் நாட்டில் பெரிய பகுதியினர் முதல் வரியை விட்டுவிட்டு அடுத்த வரிகளில்தான் வந்து சேர்கிறார்கள்.

ஆனால் அம்மாவிடம் 12 சதவீதம் என்று சொல்லிப் பயன் இல்லை. அவர் கேட்பது, எத்தனை நாள் வீட்டை விட்டு இருக்க வேண்டும்? அதற்கு நேராகப் பதில் சொல்லலாம். ஊசியால் சதை எடுத்துப் பார்க்கும் சோதனைக்கு மரத்துப்போகிற ஊசி போதும், அரைமணி நேர வேலை, அன்றே வீடு. “கத்தி வச்சா பரவிடும்” என்ற பயம்தான் அந்த அரைமணி நேரத்தைத் தள்ளிப்போட வைக்கும் பெரிய காரணம். சோதனை நோயைப் பரப்புவதில்லை. ஊரில் ஆபரேஷனுக்குப் பிறகு இறந்தவர்கள் பலரும் ஆபரேஷனுக்கு முன்பே நோய் பரவிய நிலையில் வந்தவர்கள். கீமோ தேவைப்பட்டால் பெரும்பாலும் 21 நாளுக்கு ஒருமுறை, நடுவில் வீட்டில்தான். கதிர்வீச்சு முன்பெல்லாம் 5 வாரம், 25 நடை. இப்போது தகுந்தவர்களுக்கு 3 வாரம், 15 நடை என்பது வழக்கமாகியிருக்கிறது. பத்து நடை குறைந்தது என்பதை அறுபது வயதுப் பெண்ணுக்கு மருத்துவ முன்னேற்றம் என்று விளக்க வேண்டாம்; பத்து நாள் சமையல் மிச்சம் என்றால் புரிந்துவிடும்.

ரூபாய்க் கணக்கை அம்மா கேட்காவிட்டாலும் பிள்ளைகள் பார்த்து வைக்க வேண்டும். அதே 2017-18 ஆய்வில் புற்றுநோய்தான் எல்லாவற்றிலும் விலை உயர்ந்தது: ஒருமுறை சேர்ந்தால் அரசில் ₹22,520, தனியாரில் ₹93,305. காப்பீடு, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள், 1954-இல் முத்துலட்சுமி ரெட்டி 12 படுக்கையோடு தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிறுவனம் போன்ற இடங்கள் இதைக் குறைக்கும். பயணத்துக்கும் ஒரு சலுகை இருக்கிறது. பலர் கேட்டு வாங்குவதில்லை. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் கட்டணம் முழுத் தள்ளுபடி. கூடப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம். மருத்துவரின் சான்றிதழ் வேண்டும், அவ்வளவே. மூத்த குடிமக்கள் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். இதை நிறுத்தவில்லை.

அம்மா சொல்லாத காரணம் ஒன்று மிச்சம் இருக்கும். ஆண் டாக்டர் முன்னால் ரவிக்கையை அவிழ்ப்பது. இதற்கு எந்தப் புள்ளிவிவரமும் பதில் இல்லை. முன்கூட்டியே போன் செய்து பெண் மருத்துவர் இருக்கும் நாளைக் கேட்டு, “அந்த டாக்டரம்மா செவ்வாய்க்கிழமை இருக்காங்களாம்மா, அன்னிக்குப் போலாம்” என்று சொல்வதுதான் பதில். செலவு ஒரு போன்.

காசநோயைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பரிசோதனை இலவசம், ஆறு மாத மாத்திரை இலவசம், 2018 ஏப்ரலிலிருந்து மாதம் ₹500 ஊட்டச்சத்துப் பணம், 2024 நவம்பரிலிருந்து அது ₹1,000. கையிலிருந்து ஒன்றும் போகாமல் கையில் வருகிற நோய். ஆனாலும் அப்பா இருமலை மறைக்கிறார் என்றால் அங்கே பணம் பிரச்சினையே இல்லை, டீக்கடையில் தனி கிளாஸ் வைத்துவிடுவார்கள் என்பதுதான் பிரச்சினை. காப்பீட்டு அட்டையைக் காட்டிப் பேசுகிற மகன் அங்கே தவறான பக்கத்தைக் கூட்டிக்கொண்டிருக்கிறான்.

எல்லாம் செய்தும் அவர் மாட்டேன் என்றால்? நினைவு தெளிவாக உள்ள வளர்ந்த மனிதர் மறுத்தால் அதுவே முடிவு. 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் உணவு, உடை, உறைவிடத்தோடு மருத்துவச் சிகிச்சையையும் பராமரிப்பு என்ற வரையறைக்குள் வைத்து, அதைப் பிள்ளைகளிடம் கேட்டுப் பெறும் உரிமையைப் பெற்றோருக்குத் தந்தது. சிகிச்சையைப் பெற்றோர் மேல் திணிக்கும் உரிமையைப் பிள்ளைகளுக்குத் தரவில்லை. உயிர்காக்கும் கருவிகள் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9-இல் ஏற்றது. 2023 ஜனவரியில் நடைமுறையையும் எளிதாக்கி, மாஜிஸ்திரேட் கையெழுத்துக்குப் பதிலாக நோட்டரியோ அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியோ போதும் என்றது. ஆகவே அந்தக் கட்டத்தில் செய்யக்கூடியது, மறுப்பைப் பிரித்துக் கேட்பது: எது வேண்டாம்? சோதனையா, அறுவையா, ஆஸ்பத்திரியில் தங்குவதா, ஐ.சி.யூ.வில் தனியாகக் கிடப்பதா? பெரும்பாலும் ஒன்றுதான் வேண்டாமாக இருக்கும்; மற்றவையும் சேர்ந்து அடிபட்டுப் போயிருக்கும். கீமோ வேண்டாம் என்றவர் வலிக்கு மருந்து வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை அவர் சார்பில் பிள்ளைகள் சொல்லிவிடவும் கூடாது.

சம்மதித்து, ஸ்டென்ட் வைத்து, வீட்டுக்கு வந்தவரிடம் இரண்டாம் சுற்று ஒன்று பாக்கி இருக்கிறது. மாரடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாமல் காக்கும் இரண்டு மாத்திரையைப் பொதுவாக 12 மாதம் சேர்த்து எடுக்க வேண்டும். அதில் ஒன்றையாவது ஆயுசு முழுக்க. ஆரம்ப மாதங்களில் நிறுத்தினால் ஸ்டென்டே அடைத்துக்கொள்ளும் ஆபத்து. மூன்றாம் மாதம் அப்பா, “இப்பத்தான் நல்லா இருக்கேனே, எதுக்கு இத்தனை மாத்திரை” என்று தொடங்குவார். அப்போது காப்பீட்டின் 15 நாள் எப்போதோ முடிந்திருக்கும். இரண்டு மாத்திரை, 365 நாள், 730 மாத்திரை. அரசு மருத்துவமனையில் இலவசம். வெளியே வாங்கினால் 2025 பிப்ரவரியில் 1,000 கடைகளோடு திறந்த முதல்வர் மருந்தகம், மக்கள் மருந்தகம் போன்ற இடங்களில் மலிவு. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. வருகிற அந்தப் பெண்ணிடம் இதய மாத்திரை பற்றியும் கேட்டு வைக்கலாம். மாதக் கடைசியில் அட்டையில் எத்தனை மிச்சம் என்று எண்ணுகிற வேலையை யாரிடம் விடுவது என்று டிஸ்சார்ஜ் அன்றே முடிவு செய்துவிட வேண்டும். அம்மாவிடம் விட்டால் அப்பா ஒரு அதட்டலில் தப்பித்துக்கொள்வார். பேத்தியிடம் விடுங்கள்.